இர்மா பூட்டிய கதவு

மெகலன் ஊரின் ஆற்றங்கரைத் தேவாலயத்தின் சாவி இருபத்தாறு வருடமாக இர்மாவிடம்தான் இருந்தது. கணவன் இறந்த வருடம் ரொட்டிக்கடை வேலையை விட்டுவிட்டு அங்கே வந்து சேர்ந்தவள். யாரையும் நம்பமாட்டாள். மெழுகுவர்த்தி ஏற்ற வருகிற கிழவிகளைக்கூடத் தூணுக்குப் பின்னால் நின்று கவனிப்பாள்.

எங்கள் குழுவில் நாலு பேர். ஐந்நூறு வருடத்துப் பழைய பாட்டுகளை எடுத்து, கியூபா மேளம், அரபுத் தாளம், ரேடியோப் பாட்டு எல்லாவற்றோடும் கலந்து வாசிப்போம். செவ்வாய்க்கிழமை மதியங்களில் தேவாலயத்திலேயே ஒத்திகை பார்க்கப் பாதிரியார் அனுமதி தந்திருந்தார். இர்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பித்தளை விளக்குத்தண்டைத் துடைத்துக்கொண்டே எங்களைப் பார்ப்பாள். ஒரே தண்டை ஒன்றரை மணி நேரம் துடைப்பாள்.

மேளக்காரனான நான் வாராவாரம் என் பையைத் திறந்து காட்ட வேண்டும்.

“இது என்ன?”

“பீப்பி, மேடம் இர்மா.”

“கோயில்ல பீப்பியா? பல்லு முளைக்காத புள்ளையா நீ?”

ஏப்ரலில் ஒரு நாள், எங்கள் பாடகன் யோரிஸின் தாள் ஒன்று பறந்துபோய் அவள் காலடியில் விழுந்தது. ஈஸ்டர் பூசைப் பாட்டு. லத்தீன் வரிக்குக் கீழே பென்சிலில் எழுதியிருந்தது: “வாடி மார்க்ரீத், பீப்பாய் திறந்தாச்சு.”

இர்மா எழுந்துபோய்ப் பெரிய கதவைப் பூட்டினாள்.

“சாமி பாட்டைக் குடிகாரப் பாட்டாக்கிப் பாடுறீங்களா? ஃபாதர் வர்றவரைக்கும் ஒருத்தனும் நகரக்கூடாது.”

“நாங்க ஆக்கல மேடம். பாட்டு போட்டவரே பீர்க்கடை மெட்டைத்தான் எடுத்துப் பூசைக்கு வெச்சிருக்காரு,” என்றான் யோரிஸ்.

“அடேயப்பா! செத்தவன்மேல போடு பழியை. அவன் எந்திரிச்சு வந்து இல்லைன்னா சொல்லப்போறான்?”

சத்தம் கேட்டுப் பாதிரியார் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் உள்ளறையிலிருந்து பழைய பாட்டுப் புத்தகத்தைத் தூக்கிவந்து விரித்தார். நடுக்குரலில் பாடுகிறவர்களுக்கான வரியின் ஓரத்தில், மங்கிய மையில், அதே மார்க்ரீத் பாட்டு. இர்மா விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

“இத்தனை ஈஸ்டருக்கு நான் முழங்கால் போட்டு அழுதது இதுக்கா?”

யாரும் சிரிக்கவில்லை.

“ஃபாதர், உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

அவர் தன் ஷூவைப் பார்த்தார். “ஃபாதருக்குப் படிக்கறப்பவே குருமடத்துல சொல்லிக்குடுத்தாங்க.”

இர்மா எங்கள் பக்கம் திரும்பினாள். “ரெண்டையும் வாசிங்க.”

முதலில் பீர்க்கடை மெட்டு, அடுத்து பூசைப் பாட்டு, கடைசியில், அவள் கேட்காமலேயே, மேளத்தோடு எங்கள் கூத்து. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெஞ்சின் விளிம்பை மட்டும் இறுகப் பிடித்திருந்தாள். முடிந்ததும் எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எங்களைக் கண்காணிப்பதை விட்டுவிட்டாள். பூதக்கண்ணாடியோடு அந்தப் புத்தகத்தின் மற்றப் பக்கங்களைத் துழாவ ஆரம்பித்தாள். பிரசங்க நேரத்தில் பாதிரியாரை முறைத்துப் பார்ப்பதாகவும் கேள்விப்பட்டோம்.

அக்டோபர் கச்சேரிக்கு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். பூசைப் பாட்டு வந்தபோது அவள் உதடும் அசைந்தது. லத்தீனா, மார்க்ரீத்தா? உற்றுப் பார்த்ததில் எனக்கு மேளத்தில் ஓர் அடி தவறிப்போனது. முடிந்ததும் நேரே போய்க் கேட்டேன்.

“உனக்கெதுக்கு அது?” என்றாள்.