ஜில்லுவுக்கு ஓர் இடம்

ஆட்டோவில் சவாரி ஏறி உட்கார்ந்ததும் பரசுராமன் தன் இருக்கையில் வலது ஓரத்துக்கு நகர்ந்துகொள்கிறார். இடது பக்கம் ஓர் ஆள் ஒடுங்கி உட்காரும் அளவுக்கு இடம் காலியாகக் கிடக்கிறது. வளைவு வரும்போது உடம்பு அந்தப் பக்கம் சாய்ந்துவிடாமல் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறார். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில்கூட அங்கே யாரையும் ஏற்றமாட்டார். யாராவது காலைத் தூக்கி வைத்தால், "பின்னால குந்துங்க, இங்க வாணாம்" என்பார். காரணம் சொல்வதில்லை. மூலம் என்று நினைத்து ஒரு பயணி அவருக்கு லேகியம் வாங்கித் தந்திருக்கிறார். அதையும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

திருத்தணி ரயில் நிலையத்துக்கு வெளியே அவர் வண்டி நிற்கும். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. காக்கிச் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கோடையிலும் போட்டிருப்பார். பேரம் பேசமாட்டார். "குடுக்கறத குடுங்க" என்பதோடு சரி. திருப்பதிப் பக்கத்துக்காரர்களிடம் தெலுங்கு, மற்றவர்களிடம் தமிழ். குறுக்கே வருகிறவர்களைத் திட்டுவது மட்டும் எப்போதும் தெலுங்கில்தான்.

முன்பெல்லாம் வண்டி எண் தெரியாதவர்களும் 'நாய் ஆட்டோ' என்று கேட்டால் போதும், ஸ்டாண்டில் கைகாட்டுவார்கள். மழைக்கு ஒதுங்கிய குட்டி ஒன்று ஒருநாள் அவர் சீட்டுக்கடியில் புகுந்துகொண்டது. "எறங்க மாட்டேன்னுச்சு. சரி, கெடன்னு உட்டுட்டேன்." அதற்கு ஜில்லு என்று பெயர் வைத்தார். வளர்ந்ததும் அவருக்கு இடது பக்கம் ஏறி உட்கார்ந்து, முகவாயை அவர் முழங்கையில் வைத்துக்கொண்டு ஊரைப் பார்க்கத் தொடங்கியது. மலையிலிருந்து இறங்கும் பக்தர்கள் பஞ்சாமிர்தம் தோய்ந்த வாழைப்பழத் துண்டைக் கொடுப்பார்கள். அவர்கள் இறங்கிப் போனபிறகுதான் தின்னும்.

இரண்டு கோடைக்கு முன்னால் ஜில்லுவின் கால்கள் வீங்கின. கிட்னி போய்விட்டது என்று கால்நடை மருத்துவர் சொல்லி, குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார். திரும்பி வரும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஜில்லு அவர் தொடைமேல் தலையை வைத்தது. கேட் திறப்பதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

"பின்னால ஆரன் அடிக்கறாங்க. போய்யா, போய்யான்றாங்க. எனக்கு வண்டி எடுக்கத் தெரியல சார். கிக்கர் எங்க இருக்குதுன்னே தெரியல."

ரயில் தாமதமான ஒரு மாலையில் அவர் இதை என்னிடம் சொன்னார். அழவில்லை. இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

சென்னையில் நாய்களை எரிக்கத் தனி இடம் இருக்கிறது என்று மனைவி புஷ்பலதா யாரிடமோ விசாரித்து நம்பர் வாங்கித் தந்தார். போனை எடுத்த பெண் பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னாளாம். தனியாக எரிப்பார்கள், சாம்பலைச் சின்னக் கலயத்தில் போட்டுத் துணி கட்டித் தருவார்கள், பாதத்தின் அச்சை எடுத்துத் தருவார்கள், கேட்டால் போட்டோவுக்குச் சட்டமும் போட்டுக் கொடுப்பார்கள். கடைசியாக, "உங்க பெட் பேரு என்ன சார்?" என்று கேட்டாள்.

"பேரு கேட்டுச்சு சார் அந்தப் பொண்ணு. அதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல. எனக்கு வாயில வரல. வச்சிட்டேன்."

புஷ்பலதா மறுபடி பேசினார். ஆனால் எடுத்துப் போவது எப்படி? அந்த ஆட்டோ அவ்வளவு தூரம் தாங்காது. நாய்ப் பிணம் என்றதும் கார்க்காரர்கள் கைவிரித்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, ஈயும் மொய்க்க ஆரம்பித்தது.

அவர்கள் இருப்பது வாடகை வீடு. பின்னால் முருங்கை மரத்தடியில் கொஞ்சம் மண் உண்டு. வீட்டுக்காரர் பக்தவச்சலம் கெட்டவர் இல்லை. தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "குடியிருக்கற மனைல பொதைச்சா ஆகாதுன்றா எங்க வூட்ல. வேற எங்கனா பாரு நைனா."

பரசுராமனின் சொந்த ஊர் பள்ளிப்பட்டுக்குப் பக்கத்தில். அப்பா விட்டுப்போன நிலத்தை அண்ணன் ஆதிகேசவன் பயிர் செய்கிறார். பங்கு இன்னும் பிரிக்கவில்லை. கிணற்றுமேட்டு வேப்பமரத்தடியில் ஒரு குழி போதும் என்று போனில் கேட்டார். அண்ணன் கேட்டார்: "நாய பொதைக்கற சாக்குல எடத்த புடிக்கலாம்னு பாக்கறியாடா?"

"நா இதுவரைக்கும் பங்கு கேட்டதில்ல சார். கேக்கவும் மாட்டேன். ஒரு குழிதான் கேட்டேன்" என்றார் பரசுராமன். அன்றிலிருந்து அண்ணன் வீட்டு நல்லது கெட்டதுக்கு அவர் போவதில்லை.

குப்பை வண்டி ஓட்டும் கவிதா தெருவுக்கு வந்தபோது கோணியில் சுற்றிக் கிடந்த ஜில்லுவைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நா எடுத்துகினு போலாண்ணா. ஆனா குப்பக் கெடங்குலதான் கொட்டுவாங்க, உங்களுக்கு மனசு தாங்காது. ஏரிப் பக்கம் போயிடுங்க" என்றார்.

அப்படித்தான் ஏரிக்குப் போனார்கள். கரைக்கு உள்ளே, தண்ணீர் ஏறாத மேட்டில் புருஷனும் பெண்டாட்டியும் மாறி மாறித் தோண்டினார்கள். மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, புதுத் துண்டில் சுற்றி, கழுத்துச் சங்கிலியோடு ஜில்லுவை இறக்கினார்கள். புஷ்பலதா பால் ஊற்றினார். அடையாளத்துக்குக் கல் நட்டார்கள்.

மறுநாள் பரசுராமன் மொட்டை அடித்துக்கொண்டார். வேறு ஊராக இருந்தால் யார் போனது என்று நாலு பேர் கேட்டிருப்பார்கள். திருத்தணியில் மொட்டைத் தலையைப் பார்த்து யாருக்குத் துக்கம் விசாரிக்கத் தோன்றும்? "இன்னாண்ணா, வேண்டுதலா? நல்ல தரிசனமா?" என்றே எல்லாரும் கேட்டார்கள். அவரும் "ஆங்" என்று சொல்லிச் சவாரி ஏற்றினார்.

ஸ்டாண்டு நண்பர்கள் மட்டும் விஷயம் அறிந்து கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினார்கள். போனில் இருந்த ஜில்லுவின் படம் தெளிவாக இல்லை என்று அச்சடித்தவர் எங்கிருந்தோ வேறொரு நாயை எடுத்துப் போட்டிருந்தார். பளபளவென்று முடி வைத்த சீமை நாய். அதற்குக் கீழே ஜில்லுவின் பெயர். ஆசையாகச் செய்தவர்களிடம் என்ன சொல்வது? பரசுராமன் அந்த அந்நிய நாயின் முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு வந்தார்.

அடுத்த கோடையில் ஏரியில் மண் எடுக்கிறார்கள் என்று ஒரு பயணி பேச்சுவாக்கில் சொன்னார். பரசுராமன் அவரைப் பாதி வழியில் இறக்கிவிட்டு ஓடினார். மேடு இருந்த இடத்தில் ஒரு வீட்டையே இறக்கி வைக்கலாம் போலப் பள்ளம். ஜேசிபி அள்ளி அள்ளி லாரியில் கொட்டிக்கொண்டிருந்தது. கல்லையும் காணோம். லாரிக்காரர் ராஜமாணிக்கம் பழக்கமானவர். "எங்கெங்கயோ போச்சுண்ணா. கல்யாண மண்டபத்துக்குக் கொஞ்சம், ரோட்டுக்குக் கொஞ்சம். அந்தப் பக்கத்து மண்ணுன்னா பொதட்டூர்பேட்டை ரோட்ல ஒரு மனைக்குக் கொட்டினேன்" என்று அடையாளம் சொன்னார்.

அந்த மனையில் மண் குவியல் குவியலாகக் கிடந்தது. பரசுராமன் கையால் கிளறத் தொடங்கினார். மேஸ்திரி ஓடி வந்தார்.

"யோவ், இன்னா தேடற?"

"செயின்."

"எத்தினி சவரன்?"

பரசுராமன் நிமிராமல் கிளறிக்கொண்டே இருந்தார். அவ்வளவுதான். மேஸ்திரி, சித்தாள்கள், கம்பி கட்டுகிறவர்கள் எல்லாரும் மண்ணில் இறங்கிவிட்டார்கள். ஆளுக்கொரு குவியலைப் பிரித்துப் போட்டுத் தேடினார்கள். தங்கம் கிடைத்தால் டீ வாங்கித் தரவேண்டும் என்று சிரித்தார்கள். ஒரு சித்தாள், "சீ, இன்னாவோ எலும்பு" என்று எதையோ தூர எறிந்தாள்.

அவர் ஓடிப்போய் அதை எடுத்தார். விரல் நீளம்தான் இருந்தது. ஆடாக இருக்கலாம், மாடாக இருக்கலாம். ஏரி மண்ணில் எத்தனையோ கிடக்கும்.

"திருப்பித் திருப்பிப் பாத்தேன் சார். அத்தினி வருசம் தடவிக் குடுத்துகினு இருந்த கை இது. காது தெரியும், வயித்துல இருந்த மச்சம் தெரியும். இருட்டுல தொட்டாகூட எனக்குத் தெரியும். எலும்பு தெரியலயே சார். எதுவும் தோணல. அதுன்னும் சொல்ல முடியல, அது இல்லன்னும் சொல்ல முடியல."

வீட்டுக்கும் கொண்டுபோகவில்லை, தூக்கியும் போடவில்லை. எடுத்த குவியலிலேயே அதைச் செருகிவிட்டு, "கெடைக்கலம்மா, உடுங்க" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டார். அன்று மதியமே ஜேசிபி வந்து மண்ணைச் சமப்படுத்திவிட்டதாக அப்புறம் தெரிந்தது.

இன்னொரு குட்டி வளர்க்கலாமே என்று நானும் கேட்டுவிட்டேன். ஸ்டாண்டில் எல்லாரும் கேட்டதுதான். "வாணாம் சார். இன்னொண்ணு வந்தா அதுக்கும் ஒரு எடம் தேடணும்" என்றார். தெருநாய்கள் வண்டியருகே வந்து வாலாட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். முன்பு பிஸ்கட் போட்ட கை, இப்போது விரட்டக்கூட எழுவதில்லை.

போன வாரம் ஒரு வேலையாக அவர் ஆட்டோவில் பொதட்டூர்பேட்டை போனேன். வழியில் வண்டியை ஓரங்கட்டினார். அந்த மனையில் சுவர் எழும்பிவிட்டது. கதவு வைக்காத வாசல். உள்ளே மண் நிரப்பி, தரை போடுவதற்காகத் தண்ணீர் விட்டுக் கெட்டித்து வைத்திருந்தார்கள். கொத்தனார்கள் கலவைச் சட்டியோடு மண்ணை மிதித்துக்கொண்டு போய் வந்தார்கள்.

"ஒரு நிமிசம் சார்" என்று இறங்கிப் போனார் பரசுராமன். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. வாசலில் நின்றார். குனிந்து செருப்புகளைக் கழற்றி, சுவரோரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போனார்.