பிளேட்டிங் பிரிவுக்குக் கொடுத்த அக்கா

தொலைக்காட்சியில் கூடைப்பந்து ஆட்டம் வந்தால் என் மகன் சத்தத்தைக் கூட்டுவான், நான் எழுந்து துணி மடிக்கப் போய்விடுவேன். ஆட்டத்தின் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் கோட்டு மாட்டிக்கொண்டு நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, இவனைக் கொடுத்து அவனை வாங்கலாம், இவனுக்கும் அவனுக்கும் ஒத்துப்போகாது, டீமை அடியோடு கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று பேசுவார்களே, அதைத்தான் என்னால் காதில் வாங்க முடியாது. அந்த மேசையில் ஒரு காலத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

எண்பதுகளின் பிற்பாதி. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை. அங்கே டெஸ்டிங் பிரிவில் நான் கிராணி, குமாஸ்தா வேலை. வருகைப் பதிவு, கடிதம், ஃபாரம், எல்லாம் என் தட்டச்சு வழியாகத்தான் போகும். வருஷத்துக்கு ஒரு தடவை பிரிவுகளுக்கிடையே பெண்கள் கூடைப்பந்துப் போட்டி நடக்கும். கேன்டீனுக்குப் பின்னால் பேருந்துகள் நிற்கும் இடத்தை ஒட்டி ஒரு சிமெண்டுத் தரை. ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் அங்கே ஆட்டம். ஒரு பிளாஸ்டிக் கோப்பை, ஆளுக்கு ஒரு குளியல் துண்டு. அதற்காகத்தான் இத்தனையும்.

போட்டிக்கு ஒரே ஒரு கண்டிப்பான விதி உண்டு. எந்தப் பிரிவில் வேலை செய்கிறாளோ அந்தப் பிரிவுக்குத்தான் ஒருத்தி ஆடலாம். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் நல்ல ஆட்டக்காரி வேண்டுமென்றால் அவளை வேலையோடு சேர்த்து இழுத்துக்கொள்ள வேண்டும் என்பதை எங்கள் சூப்பர்வைசர்தான் முதலில் கண்டுபிடித்தார்.

அவர் யாழ்ப்பாண வழி வந்த மனிதர். என் அப்பாவுக்குக் கோயில் சங்கத்தில் பழக்கம். வகிடு எடுத்துப் படிய வாரிய தலை, சட்டைப் பையில் இரண்டு பேனா. பேருந்தைப் பிடிக்கக்கூட ஓடமாட்டார். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த அவருடைய மைத்துனன் அங்கத்துக் கூடைப்பந்து வீடியோ நாடாக்களை அனுப்பிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துப் பார்த்து மனிதருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. புது ஆட்களை அணிகள் வரிசை போட்டுத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அங்கே இருக்கிறதாம். போன தடவை கடைசியாக வந்த அணிக்குத்தான் ஆள் எடுப்பதில் முதல் முறையாம். வேண்டுமானால் அந்த முறையையே இன்னொரு அணிக்குக் கொடுத்துவிட்டு அதற்கு ஈடாக ஆளை வாங்கலாமாம். மற்றப் பிரிவுத் தலைவர்களுக்கும் இந்தப் பித்து ஒட்டிக்கொண்டது. புதிதாகச் சேரும் பெண்களின் விண்ணப்பத்தில் உயரமும் பள்ளியில் ஆடிய விளையாட்டும் எழுதியிருக்கும். அதைப் பார்த்து இவர்கள் கேன்டீன் மேசையில் வரிசையாக ஆள் எடுப்பார்கள். அந்தப் பெண்களோ, தங்கள் கைத்திறனைச் சோதித்துத்தான் இந்தப் பிரிவில் போட்டிருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள்.

நான் சொல்ல வரும் வருஷத்துக்கு முந்தின போட்டியில் நாங்கள் ஆடிய எல்லா ஆட்டத்திலும் தோற்றோம். ஆகவே முதல் முறை எங்களுக்கு.

பந்தைப் பின்னாலிருந்து கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் இரண்டு கார்ட்களில் நான் ஒருத்தி. இன்னொருத்தி அக்கா. சொந்த அக்கா இல்லை. முப்பது தாண்டியவள், அதனால் எல்லோருக்கும் அக்கா. கடலுக்கு அக்கரையில் உள்ள பாகான் டாலாமிலிருந்து விடியற்காலை ஃபெரி பிடித்து வருவாள். தொழிற்சாலைப் பேருந்து ஃபெரி வந்து நிற்கும் ஜெட்டியில்தான் கிளம்பும். நான் டவுனிலிருந்து அரக்கப்பரக்க வந்து ஏறும்போது என் இடத்தில் அவளுடைய குடை படுத்திருக்கும். குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு "உக்காரு" என்பாள். மூன்று வருஷம் அந்தக் குடை எனக்காக அந்த இருக்கையில் இருந்தது.

பள்ளியில் அவள் வலைப்பந்துதான் ஆடியவள். கூடைப்பந்தைத் தானாகவே கற்றுக்கொண்டாள். பந்தைத் தட்டும்போது பந்தைப் பார்க்கமாட்டாள், எங்களைத்தான் பார்ப்பாள். யார் எங்கே நிற்கிறோம் என்பது எங்களுக்குத் தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். ஓட்டம் மட்டும் குறைவு. அதற்குக் காரணம் வயது என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளுக்கு மூச்சு இழுப்பு இருந்தது. கைக்குட்டையில் சுற்றி ஒரு நீல மருந்துக் குப்பி பையின் அடியில் கிடக்கும். ஆட்டத்தின் நடுவில் கழிப்பறைக்குப் போகிறேன் என்று போய் உறிஞ்சிவிட்டு வருவாள். சீக்கு என்று தெரிந்தால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்று பயம். அதை அவள் சொன்னது என்னிடம் மட்டும்தான்.

புது ஆள் எடுக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் சூப்பர்வைசர் என்னைக் கேன்டீனுக்குக் கூப்பிட்டார். பால் போடாத கோப்பி ஓ வாங்கிக் கொடுத்தார். கட்டம் போட்ட தாளை விரித்தார். எங்கள் பெயர்கள், உயரம், எத்தனை தடவை பந்தைக் கூடையில் போட்டோம், எத்தனை தடவை விட்டோம், எல்லாம் அதில் இருந்தது. சம்பளக் கணக்கில்கூட அவர் அவ்வளவு சுத்தம் காட்டியதில்லை.

"பிளேட்டிங்காரன் அக்காவைக் கேக்கறான். அவன்கிட்ட உசரமான ஆளு நெறைய. பந்த மேல கொண்டாற ஆளு இல்ல. அக்காவைக் குடுத்தா அவனோட ரெண்டாவது முறையை நமக்குக் குடுத்துடறேன்னு சொல்றான். அப்ப மொதல் ரெண்டும் நம்ம கையில," என்றார்.

முதல் முறைக்கு அவர் குறித்து வைத்திருந்தது புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்த ஒரு நெட்டைப் பெண், சீனப் பள்ளியில் ஆடியவள். இரண்டாவதற்கு சிம்பாங் அம்பாட்டிலிருந்து ஒருத்தி, தூரத்திலிருந்து குறி தப்பாமல் போடுபவள். பொருத்தம் பார்த்து ஜாதகத்தை மூடி வைக்கிறவர் மாதிரி அவர் தாளைத் தட்டினார்.

"நீயும் அக்காவும் ஒரே மாதிரி கார்ட். ரெண்டு பேரும் குள்ளம். ரெண்டு பேருக்கும் தூரத்துலருந்து போட வராது. நீ சொல்லு, உனக்கும் அவளுக்கும் ஒத்துப்போகுதா?"

பிளேட்டிங் என்றால் முலாம் பூசும் பிரிவு. அமிலத் தொட்டிகள். அந்தப் பக்கம் போய் ஒரு கடிதம் கொடுத்துவிட்டு வந்தாலே எனக்குத் தொண்டை கமறும். அது சூப்பர்வைசருக்கும் தெரியும். ஆனால் அவருக்கு இழுப்பு விஷயம் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நான் சொன்னது இதுதான்: "இல்ல சார். ரெண்டு பேருக்கும் ஒரே எடம்தான் வேணும். பந்து எப்பவும் அக்கா கையிலதான் இருக்குது."

அக்காவின் ரகசியத்தைக் காப்பாற்றினேன் என்று பிறகு பல வருஷம் எனக்கு நானே பூசி மெழுகிக்கொண்டேன். அது பொய். பந்து எனக்கு வேண்டியிருந்தது. ஆட்டத்தை நடத்துகிறவளாக நான் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதுவும் எதற்கு, பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்துச் சிமெண்டுத் தரையில். இப்போது நினைத்தாலும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

இடமாற்ற ஃபாரத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். மலாய் மொழியில் அதற்கென்று ஒரு தயாரான வாக்கியம் உண்டு, வேலையின் தேவையை முன்னிட்டு என்று. அதை நூறு தடவை அடித்திருக்கிறேன், கை தானாகவே அடித்தது. பிழையில்லாமல் வந்தது. வழக்கம்போல அடியில், இடப்பக்க மூலையில், தட்டச்சு செய்தவரின் முதலெழுத்துகளைச் சின்னதாகப் போட்டேன்.

மறுநாள் அக்கா தாளைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"என்னா இது? நான் எதும் தப்பு செஞ்சேனா?"

"மேலருந்து வந்துச்சுக்கா. எனக்கும் ஒண்ணும் தெரியாது," என்றேன் நாக்கூசாமல்.

அவள் தாளை இன்னொரு தடவை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "சரிலா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கூடைப்பந்துக் கணக்கில் அது நல்ல பேரம். அதையும் சொல்லத்தான் வேண்டும். நெட்டைப் பெண் கூடைக்கடியில் நின்றால் யாரும் கிட்டே வரமுடியவில்லை. சிம்பாங் அம்பாட்காரி என் பக்கத்தில் வந்ததும் எனக்கு வழி தானாகத் திறந்தது. நான் உள்ளே ஓடினால் இரண்டு பேர் என்னை மறிப்பார்கள், நான் வெளியே தள்ளுவேன், அவள் போடுவாள். போன வருஷம் எங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டார்கள். சூப்பர்வைசர் கோட்டுக்கு வெளியே நின்று, தானே ஓடி ஆடியது போல வியர்த்துக்கொண்டிருப்பார். "பாத்தியா, பாத்தியா," என்பார். எனக்கும் தலைகால் புரியவில்லை. அத்தனை சந்தோஷம்.

அக்கா எனக்கு இடம் பிடிப்பதை நிறுத்தவில்லை. குடை அங்கேயே இருந்தது. அவள் துணியில் மட்டும் ஒரு புளித்த வாடை ஏறியிருந்தது, தலைமுடியிலும். பேசும்போது ஒரு வாக்கியத்துக்கு நடுவில் நின்று மூச்சு வாங்குவாள். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு அடுத்த பேருந்தில் வர ஆரம்பித்தேன். வீட்டில் வேலை என்று அவளிடம் ஒரு காரணம் சொன்னேன்.

பிளேட்டிங்கோடு எங்களுக்கு ஆட்டம் வந்தது. அவளை நான் மறிக்க வேண்டும், என்னை அவள் மறிக்க வேண்டும். முதல் பாதியில் அவள் எனக்குப் பந்தைக் காட்டவே இல்லை. இரண்டாம் பாதியில் அவள் நெஞ்சு சத்தம் போடுவது எனக்குக் கேட்டது. பந்தைத் தட்டிக்கொண்டு வந்தவள் நடுக்கோட்டில் நின்றாள். ஒரு கையை முழங்காலில் ஊன்றினாள். முதல் தடவையாகக் குனிந்து பந்தைப் பார்த்தாள்.

நான் பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடி கூடையில் போட்டேன். எங்கள் பக்கம் ஒரே கைதட்டல். திரும்பிப் பார்த்தபோது அவள் அதே இடத்தில் குனிந்திருந்தாள். அவளிடம் போன ஒரே ஆள் நடுவர்தான்.

ஆட்டம் முடிந்து குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். நீலக் குப்பி மறைக்காமல் குழாய் மேடையிலேயே இருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஃபாரத்துல அடியில ஒன் எழுத்து இருந்துச்சு," என்றாள், முகத்தைத் துடைத்துக்கொண்டே. "நீ அடிக்கிறது ஒன் வேல. அத நான் கேக்கல. நீயா வந்து ஒரு வார்த்தை சொல்லுவேன்னு தெனமும் பஸ்ஸுல பாத்தேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"அந்த இழுப்பு விசயத்த இப்ப சொல்லிடு. இனிமே ஒளிச்சு என்னா ஆவப்போவுது."

மறுநாள் காலையிலேயே சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவருக்கு முகம் மாறியது, இல்லை என்று சொல்லமாட்டேன். "அடப்பாவி, முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றார். உடனே பிளேட்டிங் தலைவரைப் பார்க்கப் போனார். அரை மணி நேரம் கழித்து வந்து, அதே கட்டம் போட்ட தாளை மேசை மேல் வைத்தார்.

"திருப்பிக் குடுக்கறேங்கறான். ஆனா அடுத்த வருஷம் நமக்கு வர்ற முறையைக் கேக்கறான்."

"குடுத்துடுங்க சார்."

"நீ யோசிச்சுத்தான் பேசறியா? இந்த வருஷம் நாம கோப்பை வாங்கிட்டா அடுத்த வருஷம் நம்ம முறை கடைசிதான், பெருசா நஷ்டம் இல்ல. ஆனா தோத்துட்டோம்னு வையி. முன்னாடி வர்ற முறையைத் தூக்கி மூச்சு முட்டுற ஆளுக்கு ஈடா குடுத்தேன்னு ஆயிடும்." பேனாவால் தாளைத் தட்டினார். "சீசன் முடியட்டும். பேசிக்கலாம்."

படித்த மனிதர், சங்கத்தில் திருவிழா நடத்துகிறவர், பெண்பிள்ளைகளைப் பெற்றவர். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கெட்ட எண்ணமே இல்லை. ரொம்பப் பொறுப்பான குரலில் சொன்னார். காறித் துப்ப வேண்டும் போலிருந்தது எனக்கு. துப்பவில்லை. "சரி சார்," என்றேன்.

எங்கள் பிரிவிலும் பிளேட்டிங்கிலும் யாருக்கு எந்தக் கடிதம் வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். விடுப்பு, பள்ளிக்கூட உதவி, வீட்டுக் கடன், எதுவானாலும் நான் அடித்துக் கொடுப்பேன். அந்த வாரக் கடைசியில் ஆள் நிர்வாகப் பிரிவுக்குப் போகிற கோப்பில் ஒரு தாள் வந்தது. கோடு போட்ட பள்ளிக்கூடத் தாள். மலாயில் இரண்டே வரி, மாதக் கடைசியோடு வேலையை விட்டு நிற்பதாக. அக்கா அதைக் கையால் எழுதியிருந்தாள். இரண்டு இடத்தில் பிழை இருந்தது, அடித்துத் திருத்தியிருந்தாள்.

அதைத் துளை போட்டுக் கோப்பில் சேர்த்தேன். அன்றைக்கு இறுதி ஆட்டம். ஐந்து மணிக்கு மேசையைப் பூட்டிவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு, கோர்ட்டுக்குப் போய் ஆடினேன்.