கதவோரத்துக் கை

தெருவில் அவருக்கு 'ரெண்டு கோட்டு' என்றுதான் பெயர். எந்தச் சுவரைக் காட்டினாலும், "ரெண்டு கோட்டு அடிச்சா மறைஞ்சிடும்" என்பார். முப்பது வருடமாக வீடுகளுக்கு வெள்ளையடித்த மனிதருக்கு வேறென்ன தெரியும்?

தன் வீட்டிலும் அதையேதான் செய்தார். பள்ளி விட்டு வரும் மகள் வாசல் கதவோரச் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு ஷூவைக் கழற்றுவாள். அந்த இடத்தில் அழுக்காக ஒரு சின்னக் கை பதிந்திருந்தது. ஏழு வயதில், மூன்றே நாள் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து மனைவி அழுகிறாளே என்று, ஒரு மதியம் அவள் கண்ணயர்ந்த நேரத்தில் இரண்டு கோட்டு அடித்துவிட்டார். கிறுக்கு மனிதர்! எழுந்து வந்தவள் சுவரைப் பார்த்தாள். அதற்கப்புறம் பன்னிரண்டு வருடம், சாப்பாடு, சாவி, மாத்திரை என்பதைத் தாண்டி அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

முழங்கால் வலியில் ஏணி ஏற முடியாமல் போனபின், நூலக மாடியில் சனிக்கிழமைதோறும் நடக்கும் வாட்டர்கலர் வகுப்பில் சேர்ந்தார். அந்தச் சுவரை, அந்தக் கையோடு, வரைந்து மனைவியிடம் கொடுத்துவிட வேண்டும். ஆசை அது ஒன்றுதான்.

முதல் நாளே, "வெள்ளை எங்கம்மா?" என்று பெட்டியைத் துழாவினார்.

"வெள்ளை கிடையாது சார். தாள்தான் வெள்ளை. வேணுங்கிற இடத்தை முதல்லயே விட்டுடணும். அப்புறம் எதை வெச்சும் மறைக்க முடியாது," என்றாள் டீச்சர்.

அவர் தாளை நனைத்து, சுவருக்கு இளமஞ்சளை ஓடவிட்டார். காய்ந்ததும் கையை வரையலாம் என்று காத்திருந்தபோது, கதவோரத்தில் நிறம் தானாக விலகி ஒரு கறை பூத்தது. ஐந்து விரல்.

"பாதி காஞ்ச தாள்ல தண்ணி சொட்டினா இப்படித்தான் பூக்கும் சார். எல்லாருக்கும் நடக்கிறதுதான்."

அவர் சொட்டவிடவில்லை. தூரிகை மேசையில் கிடந்தது.

அடுத்த சனிக்கிழமையும் அந்தக் கை வந்தது, சுவரில் கொஞ்சம் மேலே. அதற்கடுத்த வாரம் இன்னும் மேலே. ஒவ்வொரு தாளையும் பீரோவுக்கு அடியில் ஒளித்துவைத்தார். மறைப்பதில்தான் மனிதர் கைதேர்ந்தவராயிற்றே.

பெருக்கும்போது மனைவி எடுத்துவிட்டாள். அவர் கடைக்குப் போய்த் திரும்பியபோது பன்னிரண்டு தாள்களும் தரையில் கிடந்தன, வரைந்த வரிசை தப்பாமல்.

"கையை நான் வரையலை. சத்தியமா தானா வருது," என்றார்.

"தெரியுது." கடைசித் தாளில் கை தாழ்ப்பாளுக்கும் மேலே இருந்தது. "வளந்துட்டா. பத்தொம்பது வயசாச்சுல்ல."

பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எல்லாத்துலயும் கதவைச் சாத்தியே போட்டிருக்கீங்க. எப்படி உள்ள வருவா? திறந்து போடுங்க."

அங்கேயே உட்கார்ந்து வரைந்தார். சுவருக்கு நிறத்தை ஓட்டி, கதவு இருக்கும் இடத்தைத் தொடாமல் வெள்ளையாகவே விட்டார். தாள் காயும்வரை இருவரும் அதையே பார்த்திருந்தார்கள். கறை வரவில்லை. சுவர் சுத்தமாகக் காய்ந்தது. இதையும் கெடுத்துவிட்டோமே என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வரலையே," என்றார்.

மனைவி அவர் தோளைத் தாண்டி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாகச் சிரித்தாள்.

"ஷூவை ஓரமா வைம்மா," என்றாள்.