ஆசிட்டில் கிடந்த துளசி

நேற்று மெக்கானிக் கடையில் ஆசிட் வாடை மூக்கில் ஏறியபோது முதலில் வந்தது கோபம்தான். ரங்கசாமி குளத்தருகே அப்பா வைத்திருந்த பேட்டரி சார்ஜ் கடை இருந்த இடத்தில் இன்று ஒரு பட்டுக் கடை நிற்கிறது. அன்று அங்கே பலகை நீளத்துக்கும் மோட்டார் சைக்கிள் பேட்டரிகள், மூடி திறந்த ஒவ்வொரு குழியிலும் உலை காயத் தொடங்கும்போது கேட்பது போன்ற சன்னமான குமிழ்ச் சத்தம், ஆசிட் பட்டுப் பொத்தல் விழுந்த அப்பாவின் காக்கிச் சட்டை, பள்ளி விட்டு வரும் என்னிடம் தினமும் அவர் சொல்லும் "எதையும் தொடாதம்மா, பட்டா உடனே சோடா மாவு போட்டுக் கழுவு."

ஆயுத பூஜை முடிந்த வாரம், கடைக்கு இடத்தை வாடகைக்கு விட்டிருந்த பட்டு முதலாளி தன் வண்டியை ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இன்னாய்யா சார்ஜ் போட்ட நீ? லைட்டே எரியல!"

அப்பா பேட்டரி மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு துளசி இலை கறுத்துக் கிடந்தது.

"டிஸ்டில்டு வாட்டர் தவிர வேற எதனா ஊத்தினீங்களா மொதலாளி?"

"பூஜையில பெருமாள் தீர்த்தம் ஊத்தினேன். அதுவா கெடுக்கும்? பாத்துப் பேசு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எதிர்த்துப் பேசினால் இடத்தைக் காலி செய்ய வேண்டியிருக்கும்.

"என் தப்புதாங்க" என்ற அப்பா, இலையை இடுக்கியால் எடுத்து எறியப் போனார்.

"பிரசாதம்யா! கண்ணுல ஒத்திக்கினு அப்பால போடு."

ஆசிட்டின் ஒரு சொட்டு என்ன செய்யும் என்று அந்தத் தெருவில் எல்லோரையும்விட நன்றாக அறிந்த மனிதர், இலையைக் கண்ணருகே கொண்டுபோய், கடைசி நொடியில் புருவத்துக்கு மேல் ஒற்றிக்கொண்டார். முதலாளி பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் சோடா மாவு டப்பாவோடு ஓடினேன்.

"இரும்மா. அவரு போவட்டும்."

முதலாளி தெருமுனை திரும்பும்வரை அப்பா நெற்றியைக் கழுவவில்லை.