சமையலறைக்குள் ஒரு ரேடார்

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் புனேயில், தாபோடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு ராணுவத்துக்குச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் வேலை. என்ன சாமான் என்று மட்டும் கேட்கக் கூடாது. பள்ளியில் கேட்டால் கவர்மெண்ட் வேலை என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். சோற்றோடு சேர்த்து இதையும் ஊட்டி வளர்த்ததால், எட்டு வயதிலேயே எனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம்.

பத்து நாள் லீவு என்று சொல்லிக்கொண்டு மஸ்கட்டிலிருந்து சித்தப்பா வந்தார், கையில் ஒரு மைக்ரோவேவ் அடுப்போடு. நெருப்பே இல்லாமல் பால் பொங்கியதும் அம்மா இரண்டடி பின்னால் போனாள். சித்தப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பட்டுத்தறியில் பூப்போட ஓட்டை குத்திய அட்டைகளை வைத்தார்களாம். அந்த யோசனைதான் பிற்பாடு கம்ப்யூட்டர் வரைக்கும் போனதாம். தறிக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்? மனுஷர் கூசாமல் அளக்கிறார் என்று நினைத்தேன்.

“இதுவும் அப்படித்தான் பாப்பா. எதிரி பிளேனைக் கண்டுபிடிக்க ரேடார் செஞ்சாங்க. அது பக்கத்துல நின்னவன் பாக்கெட்ல சாக்லேட் உருகிப்போச்சு. அதுலருந்து வந்ததுதான் இந்த அடுப்பு. உள்ள இருக்கறது அதே சாமான்தான். உங்கப்பாவைக் கேளு, அவருக்குத் தெரியாததா?”

“போதும்டா. பாலை எடு,” என்றார் அப்பா.

அப்பா முகம் மாறியதை நான் பார்த்தேன். அப்பாவின் ரகசியம் சித்தப்பாவுக்கு எப்படித் தெரிந்தது? நாள் போகப் போகச் சந்தேகம் வளர்ந்தது. பத்து நாள் லீவு என்று வந்தவர் ஒரு மாதமாகியும் ஏன் போகவில்லை? விஷயம் வெளியே தெரிந்தால் அப்பாவுக்கு வேலை போய்விடுமே.

எதிர் வீட்டு மராட்டிக்கார மாமா தொழிற்சாலையில் செக்யூரிட்டி அதிகாரி. அவரிடம் போய், சித்தப்பா எங்கள் வீட்டில் ரேடார் கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிவிட்டேன்.

அவர் வந்து பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அதில் சுட்ட அப்பளம்கூடச் சாப்பிட்டார். கிளம்பும்போதுதான், இத்தனை நாள் தங்கும் விருந்தாளி பெயரைக் குவார்ட்டர்ஸ் கேட்டில் பதியவில்லையே என்று ஒரு படிவத்தைக் கொடுத்து, நிரப்பி அனுப்பச் சொன்னார். சித்தப்பா பெயர், வயது எல்லாம் எழுதினார். என்ன வேலை, எங்கே வேலை என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அப்பா அந்தக் காகிதத்தையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த இடத்தைக் காலியாகவே விட்டுப் படிவத்தை மடித்தார்.

மறுநாள் காலையில் சித்தப்பா ரயிலேறிவிட்டார். அடுப்பை எங்களுக்கே விட்டுவிட்டுப் போனார். அம்மா ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

வேலை பார்க்கும் இடத்தை எழுத முடியாதவர் வேறு யாராக இருக்க முடியும், ஒற்றனைத் தவிர? வீட்டையே காப்பாற்றிவிட்டதாக நினைத்து நான் நிம்மதியாக இருந்தேன்.