தலைப்பால் கொதித்த ஞாயிறு

பாலைத் திரிய வைப்பது எங்கள் அப்பாவின் தொழில். மாடு வைத்திருக்கிறவர்கள் கேட்டால் பதறிப்போவார்கள். அப்பா வெட்டியது ரப்பர் மரம். விடிகாலையில் மரத்தைக் கீறி, சிரட்டைகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, தட்டுகளில் ஊற்றி, ஆசிட் விட்டு உறைய வைத்து, ஷீட்டாக அடித்துக் கொடியில் போடுவார். எந்தப் பால் எவ்வளவு நேரத்தில் திரியும் என்பதில் பாறசாலைக்குக் கிழக்கே தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். நாங்களும் நம்பினோம்.

எனக்கு எட்டு வயதும் தம்பிக்கு மூன்று வயதும் ஆனபோது அம்மா குவைத்துக்குப் போனாள். ஒரு வீட்டில் படுத்த படுக்கையாக இருந்த வயதான பெண்மணியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அதுவரை அப்பா எங்கள் அடுப்பில் செய்த ஒரே காரியம் பீடி பற்ற வைத்ததுதான். முதல் சில மாதங்கள் கஞ்சியும் பயறும் சாப்பிட்டோம், பிறகு பயறும் கஞ்சியும் சாப்பிட்டோம். தம்பி ஒருநாள் தட்டைப் பார்த்ததுமே அழ ஆரம்பித்த பிறகு, அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து, அம்மாவிடம் இஷ்டு வைக்கப் படித்தார்.

இஷ்டு என்றால் எங்கள் பக்கம் தேங்காய்ப்பாலில் வேகும் கறி. இறைச்சி, உருளைக்கிழங்கு, இஞ்சி, பச்சைமிளகாய், பட்டை, கிராம்பு, நல்லமிளகு. பெரிய வித்தை ஒன்றுமில்லை, பாலில்தான் எல்லாம் இருக்கிறது. தேங்காயை மூன்று முறை பிழிய வேண்டும். நீர்த்த பாலில் வேகவைத்து, முதலில் பிழிந்த கெட்டியான தலைப்பாலைக் கடைசியில் சேர்க்க வேண்டும்.

"தலப்பாலு விட்டா ஓரத்தில ஆவி வரும். அப்பமே தீய அணைச்சுப்போடணும். திளைச்சா தீர்ந்துது, பாலு பிரிஞ்சு போவும்," என்று அம்மா போனில் சொன்னாள். திளைப்பது என்றால் எங்கள் பேச்சில் கொதிப்பது.

அப்பா இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு அடுக்களையில் இறங்குவார். கடைசிக் கட்டம் வந்ததும், "தலப்பாலு விட்டாச்சு, ஒருத்தரும் மிண்டப்பிடாது," என்பார். அந்த அரை நிமிடம் வீட்டில் யாரும் வாய் திறக்கக்கூடாது. போதகர் ஜெபத்துக்குக் கண்ணை மூடச் சொல்லும்போதுகூடத் தம்பி அவ்வளவு அடங்கி இருந்ததில்லை. ஆவி எழுந்த நொடியில் அப்பா அடுப்பை அணைப்பார். இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட அவருக்குப் பால் பிரிந்தது கிடையாது.

ஆனால் போன் வழியாகப் படித்த பாடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கையும் சேர்த்தார். கிணற்றடியில் மண்டிக் கிடந்த சேம்பைப் பிடுங்கிப் போட்டார். குழம்பு கொழகொழவென்று கெட்டியானது. எலும்பையும் போட்டார். ஒரு தட்டு சாப்பிட்டால் பிறகு நடப்பது கஷ்டம். எங்களுக்கு இஷ்டு என்றால் அதுதான் என்று ஆகிவிட்டது.

இரண்டு வருடம் கழித்து, மழைக்காலத்தில், அம்மா ஒரு மாத லீவில் வந்தாள். தம்பி அப்பாவின் கைலிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். சாக்லேட்டைக் காட்டியதும் கையை மட்டும் வெளியே நீட்டினான்.

மறுநாள் அம்மா அடுக்களைக்குள் போனாள். உப்பு இருந்த இடத்தில் அப்பாவின் கத்தி தீட்டுகிற கல் இருந்தது. நல்லமிளகு எங்கே என்று அம்மா என்னிடம் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு "தேங்க்ஸ்" என்றாள். அம்மா எனக்கு நன்றி சொன்னது அதுவே முதல் முறை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று அவள் ஆப்பமும் இஷ்டும் வைத்தாள். வெள்ளை வெளேரென்று, மணமாக, கல்யாண வீட்டு இஷ்டு மாதிரி இருந்தது. தம்பி ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினான்.

"எனக்கு அப்பாக்க இஷ்டு மதி," என்றான். அப்பாவுடையதே போதுமாம்.

அம்மா சிரித்தாள். "நீ சொல்லு மக்கா, எப்படி உண்டு?" என்று என்னைக் கேட்டாள். "கொள்ளாம்," என்றேன். அழைத்த வீட்டில் சாப்பிட்டுவிட்டு மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்போமே, அதே குரலில். தம்பி தள்ளிய தட்டை அம்மா தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க இதேதான். தம்பிக்கு அப்பா ஊட்ட வேண்டும், அப்பா குளிப்பாட்ட வேண்டும். மழை விடாத ஒரு மத்தியானம் அடுக்களையில் அம்மா அப்பாவிடம் பேசுவது கேட்டது.

"பிள்ளையளுக்கு இப்ப நான் விருந்துக்காரி ஆக்கும். சோறு தரவும் நீங்க மதி, ஒறக்கவும் நீங்க மதி. இன்னும் மூணு வாரம் கழிஞ்சா நான் பெய்ருவேன்."

அப்பா விரலில் காய்ந்து ஒட்டியிருந்த ரப்பர் பாலை உரித்துக்கொண்டே நின்றார். பெரியவர்கள் பேச்சு என்று நானும் போய்விட்டேன்.

ஞாயிறு வந்தது. தம்பி காலையிலேயே அப்பாவின் இஷ்டுக்குச் சொல்லி வைத்திருந்தான். அம்மா வெளி வராந்தாவில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா தேங்காய் பிழிந்தார், எலும்பைப் போட்டார், சேம்பைப் போட்டார். கடைசியில் தலைப்பாலை ஊற்றினார். நான் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அவர் "மிண்டப்பிடாது" என்று சொல்லவில்லை.

ஓரத்தில் ஆவி வந்தது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ரப்பர் மரங்கள், மழைக்குக் கட்டிய பிளாஸ்டிக் பாவாடையோடு வரிசையாக நின்றன. வருடக்கணக்காகத் தினமும் பார்க்கும் மரங்கள். நடுவில் ஒரு குமிழி வந்தது, பிறகு நாலைந்து.

"அப்பா, திளைக்குது."

"கண்டேன் மக்கா," என்றார். திரும்பவில்லை.

நான் ஓடிப்போய் அணைக்கக் கை நீட்டினேன். அப்பா என் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டார். சுட்டுவிடும் என்று பிடிக்கிறார் என்று நினைத்தேன். இஷ்டு தளதளவென்று கொதித்தது. எண்ணெய் மேலே தனியாக மிதக்க, கீழே பால் பொடிப்பொடியாகத் திரிந்து போனது. அதன் பிறகுதான் அடுப்பை அணைத்தார்.

தம்பி ஒரு வாய் தின்று முகத்தைக் கோணினான். அப்பா தலையைச் சொறிந்தார்.

"எலே, அப்பாக்குக் கை தப்பிப்போச்சு. இனி என்னக்கொண்டு முடியாது. அம்ம வச்சாத்தான் கொள்ளாம்."

அம்மா கரண்டியால் குழம்பை அள்ளி உற்றுப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அந்தத் திரிந்த இஷ்டை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். குவைத்தில் நல்ல சாப்பாடு கிடைக்கவில்லை போல என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது.

அப்பா மேல் மட்டும் கோபம் அடங்கவில்லை. நல்ல எலும்பு வீணாகிப் போயிற்று. நானே பார்த்துச் சொல்லியும் அணைக்காமல் நின்றாரே என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் சொன்னேன். அவள் ஊரெல்லாம் சொன்னாள். தோட்டத்தில் அப்பாவோடு வெட்டுகிறவர்கள், "இஷ்டுக்கும் ஆசிட் விட்டியா வோய்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அடுத்த நாள் அம்மா என்னைக் கூப்பிட்டாள். "அப்பா அதில வேற என்னத்தையெல்லாம் போடுவாரு?" என்று கேட்டாள். சேம்பு என்றேன். தம்பியைக் கூட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். இருவரும் மழையில் நனைந்து, முழங்கை வரை சேறாகி, ஒரு கூடைச் சேம்போடு வந்தார்கள். தம்பி அம்மாவின் இடுப்பில் இருந்தான். ஐந்து வயதுப் பையனை எதற்குத் தூக்குகிறாள் என்று நினைத்தேன். அன்றைய இஷ்டு அம்மாவுடையது மாதிரியும் இல்லை, அப்பாவுடையது மாதிரியும் இல்லை. தம்பி மூன்று ஆப்பம் தின்றான். மிச்ச நாட்கள் எல்லாம் அம்மாதான் சமைத்தாள், அவள்தான் ஊட்டினாள். லீவு முடிந்து புறப்பட்ட அன்று தம்பி அவள் சேலையை விடாமல் அழுதான். அம்மாவும் அழுதாள். ஆனால் வந்த அன்றைக்கு இருந்ததைவிட அவள் முகம் தெளிவாக இருந்தது எனக்கு விசித்திரமாகப் பட்டது.

அடுத்த ஞாயிறு அப்பா மறுபடியும் இஷ்டு வைத்தார். இந்த முறை ஏமாறக்கூடாது என்று நான் அடுப்புப் பக்கத்திலேயே காவல் நின்றேன். தலைப்பாலை ஊற்றியதும், "ஒருத்தரும் மிண்டப்பிடாது," என்றார். ஓரத்தில் ஆவி எழுந்தது. என் கை நீளுமுன் அணைத்துவிட்டார். பால் பட்டுப்போல நின்றது.

சாயங்காலம் அம்மா கூப்பிட்டபோது நல்ல செய்தியை முதலில் நான்தான் சொன்னேன்.

"அம்மா, அப்பாக்கு எல்லாம் செரியாச்சு. இன்னைக்குத் தலப்பாலு திளைக்கவே இல்ல. ஆவி வந்த உடனே அணைச்சாச்சு."

நெட் போய்விட்டதோ என்று போனை ஆட்டிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாக்கிட்ட கொடு மக்கா," என்றாள். அவள் குரல் அடைத்திருந்தது. அங்கே ஏசி அதிகம், சளி பிடித்திருக்கும்.

அப்பா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டு ஊருக்கே கேட்கப் பேசுகிறவர். அன்று போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு, மழைத் தூறலில், ரப்பர் மரங்களுக்கு நடுவே வெகுதூரம் நடந்து போய்விட்டார். ஒரு இஷ்டு ஒழுங்காக வந்ததற்கு இவர்களுக்கு இவ்வளவு பேச என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே, தம்பியின் தட்டில் மிஞ்சியிருந்த சேம்பை நான் எடுத்துத் தின்றேன்.