விமானக் கதவில் ஒரு மஞ்சள் முடிச்சு

போன தை மாதம், பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது இது. இடம், காரைக்குடியை அடுத்த கோவிலூர் பக்கம் எங்கள் வயலை ஒட்டி இருக்கும் தகரக் கொட்டகை. நெல் மூட்டை அடுக்குவதற்காகக் கட்டியது. இப்போது அதற்குள் நெல் இல்லை. என் மகள் தன் கையால் கட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பேர் உட்காரும் விமானம் இருக்கிறது.

படிப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். நானும் முதலில் சிரித்தேன். அப்புறம்தான் தூக்கம் போனது. எங்களுக்கு ஒரே பெண். பெங்களூர் கம்பெனி வேலையை வீட்டில் இருந்தே பார்க்கிறாள். மிச்ச நேரமெல்லாம் கொட்டகைதான். அவள் அப்பா சிங்கப்பூரில் இருந்துகொண்டு போனில் உற்சாகப்படுத்துவார். பக்கத்தில் இருந்து பயப்படும் வேலை எனக்கு. அனுமதியும் சோதனையும் முடியாமல் அது தரையை விட்டு எழும்பாது, அதற்கு இன்னும் எவ்வளவோ கட்டம் இருக்கிறது என்று மகள் சொல்வாள். அந்த ‘இன்னும் எவ்வளவோ’வைப் பிடித்துக்கொண்டுதான் நாட்களை ஓட்டினேன்.

சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் பயம் கூடுகிறது என்று நானும் கூடமாட உதவ ஆரம்பித்தேன். எனக்கு வந்த வேலை கதவுக்கும் சன்னலுக்கும் சட்டம் வளைப்பது. சுண்டுவிரல் தடிமனில் அலுமினியக் குழாய். அதை அப்படியே வளைத்தால் வளைவில் சப்பென்று நசுங்கிவிடும். அதனால் உள்ளே சன்னமான மணலை நிரப்பி, தட்டித் தட்டி இறுக்கி, இரண்டு முனையையும் மரக்கட்டையால் அடைத்து, பிளைவுட்டில் வெட்டிய அச்சைச் சுற்றி மெதுவாக வளைக்க வேண்டும். மணலில் ஈரம் இருக்கக் கூடாது. வேர்க்கடலை வறுக்கிற பழைய இரும்புச் சட்டியில் போட்டு வறுத்தது நான்தான்.

பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவள் நான். ஆனாலும் அந்தக் குழாயின் பிடிவாதம் எனக்குப் புதிது. எவ்வளவு வளைத்தாலும் கையை விட்டதும் கொஞ்சம் பின்னால் நிமிரும். அதற்கும் சேர்த்துக் கூடுதலாக வளைக்க வேண்டும். கூடுதல் ஆகிவிட்டால் விரிசல். கெட்டுப்போன சட்டங்களே ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. ஒருநாள் என்னையும் அறியாமல் கேட்டுவிட்டேன், “இந்தக் குச்சியை நம்பியாடி மேல போகப் போற?”

“இது தாங்குற குழாய் இல்லம்மா. கதவுக்கும் கண்ணாடிக்கும் ஓரம், அம்புட்டுத்தான். தாங்குறதுக்கு உள்ள இரும்புக் குழாய் இருக்குல்ல? நீ அங்குட்டு முனையை விட்டுறாம பிடி.”

நான் பிடித்தேன். என்னை அடக்கி வைப்பதற்காகவே அவள் ஏதாவது ஒரு முனையை என் கையில் கொடுக்கிறாளோ என்று அடிக்கடி தோன்றும்.

கதவு பொருத்தி முடித்ததும் முதல் தடவையாக எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. தரையில்தான். கொட்டகைக்கு வெளியே தள்ளி வந்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வாலைக் கயிற்றால் வேப்பமரத்தில் கட்டிவிட்டுச் சில நிமிடம் ஓட்டுவது. அதற்கு என் தம்பியையும் வரச் சொல்லியிருந்தோம். அவன் வீடு கட்டிக் கொடுக்கும் காண்டிராக்டர். வரும்போதே கையில் தாம்பாளம்.

“என்ன மாமா இது?” என்றாள் மகள்.

“வாசலுக்கு நிலை வச்சிருக்கீகல்ல? நிலை வச்சா சும்மாவா விடுவாக? தாய்மாமன் நான் உசுரோட இருக்கேன்த்தா.”

எங்கள் பக்கத்தில் வீட்டு வாசலுக்கு நிலை வைக்கும் அன்று, நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து நிலையின் மேலே கட்டுவார்கள். அந்த முடிச்சைத்தான் கொண்டுவந்திருந்தான். நெல்லிக்காயைவிடச் சற்றுப் பெரிது.

“மாமா, இது வீடு இல்ல. வேணும்னா வால்ல கட்டுங்க.”

“வால்ல கட்டுறதுக்கு இது என்ன பட்டமா? வாசல்ல கட்டுறதை வாசல்லதான் கட்டணும். ஏன் மருமகளே, நீ படிச்ச படிப்புல இதைக் கட்டக் கூடாதுன்னு எழுதியிருக்கா?”

அவள் என்னைப் பார்த்தாள். கட்டட்டும் என்றுதான் என் முகம் சொல்லியிருக்கும். அவள் பெருமூச்சு விட்டு, “இன்னைக்கு ஒருநாள்தான். சாயங்காலம் அவுத்துருவேன்” என்றாள். தம்பி கதவு வாசலின் மேல்குழாயில், பின்பக்க மூலையில் அதைக் கட்டினான். எனக்கு மனசுப் பாரம் இறங்கியதுபோல் இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒரு வாய் காபியை ருசித்துக் குடித்தேன்.

விமானத்துக்கு ஒரே கதவு. வெளிப்பக்கம் திறக்கும். மகள் ஏறி உட்கார்ந்து இழுத்துச் சாத்தினாள். முதலில் சரியாக விழவில்லை. இன்னொரு முறை பலமாக இழுத்தாள். விழுந்தது. உள்ளே கைப்பிடியைத் திருகி, மேல்மூலையில் போய்ச் செருகும் தாழைப் போட்டாள். புதுக் கதவு, இறுக்கமாக இருக்கும் என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். முடிச்சு அந்த இடுக்கில் சிக்கியதை மூன்று பேருமே கவனிக்கவில்லை.

எஞ்சின் பிடித்ததும் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. விமானத்தின் மூக்கில் சுற்றும் விசிறி நிற்கும்வரை முன்பக்கம் வரவே கூடாது என்று மகள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நாங்கள் பின்னால் நின்றோம். கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. தம்பி போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அப்புறம் ஒரு வாடை வந்தது. வயர் கருகும் வாடை.

எஞ்சினை அவள் உடனே நிறுத்திவிட்டாள். விசிறி சுற்றி ஓய்ந்தது. ஆனால் புகை நிற்கவில்லை. முன்பக்கத்தில் இருந்து அவள் உட்கார்ந்திருந்த அறைக்குள் வெள்ளையாக ஏறிக்கொண்டிருந்தது. அவள் கைப்பிடியைத் திருகுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அது பாதி திரும்பி நின்றுவிட்டது. தோளால் கதவை இடித்தாள். மெல்லிய சட்டம் வளைந்து கொடுத்ததே தவிர, தாழ் விடவில்லை.

தம்பி ஓடிப்போய் வெளியில் இருந்து இழுத்தான். செங்கல்லை எடுத்துக் கதவுக் கண்ணாடியில் ஓங்கி அடித்தான். அது கண்ணாடி என்று நாங்கள் பேச்சுக்குச் சொல்வதுதான், உண்மையில் கெட்டியான பிளாஸ்டிக் தகடு. கல் எகிறித் தெறித்தது. “கடப்பாரை வண்டில கெடக்கு” என்று கத்திக்கொண்டே ரோட்டுப் பக்கம் ஓடினான்.

நான் மட்டும் கதவருகில் நின்றேன். உள்ளே அவள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமினாள். ஒரு கையால் தலைக்கு மேலே, பின்பக்க மூலையைத் திரும்பத் திரும்பக் காட்டினாள். அப்போதுதான் பார்த்தேன். கதவுச் சட்டத்துக்கும் வாசல் குழாய்க்கும் நடுவில் மஞ்சள் துணி ஒன்று நாக்குப் போல நீட்டிக்கொண்டிருந்தது. தாழ்க்கம்பி அந்த முடிச்சுக்குள் குத்தி இறுகியிருந்தது.

பிடித்து இழுத்தேன். வரவில்லை. தாலிச் சங்கிலியில் எப்போதும் ஒரு ஊக்கு கோத்து வைத்திருப்பேன். அதைக் கழற்றி விரித்து, இடுக்குக்குள் விட்டேன். ஒரு கீறு கீறினால் துணி கிழிந்துவிடும்.

கை நின்றது.

எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு மூச்சு விடும் நேரம் இருக்கலாம். சாமியை வேண்டிக் கட்டிய முடிச்சு, அதைக் கிழித்தால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று மனசு பதறியது. ஆகிக்கொண்டிருப்பது கண்ணுக்கு நேரே தெரிகிறது. தகட்டுக்கு அந்தப் பக்கம் அவள் உள்ளங்கை பதிந்திருக்கிறது. ஆனாலும் மனசு அப்படித்தான் நினைத்தது.

உள்ளே அவள், “அம்மா!” என்றாள். கத்தவில்லை. சின்னப் பிள்ளையில் தண்ணீர் கேட்கும்போது கூப்பிடுவாளே, அந்தக் குரல். நான் கிழித்தேன். பாசிப்பயறும் எள்ளும் கொள்ளும் பொலபொலவென்று என் முழங்கை வழியாக ஓடிக் கீழே கொட்டின. முடிச்சு தொய்ந்தது. கைப்பிடி திரும்பியது. கதவோடு சேர்ந்து அவளும் என் மேலே வந்து விழுந்தாள்.

விழுந்தவள் இருமிக்கொண்டே எழுந்து, முதல் வேலையாகத் தீயணைப்பு சிலிண்டரை எடுத்துப் போய் எஞ்சின் பக்கம் அடித்தாள். சூடான புகைக்குழாயில் ஒரு வயர் உரசி உருகியிருக்கிறது, அவ்வளவுதான். பெரிய தீ இல்லை.

தம்பி கடப்பாரையோடு மூச்சிரைக்க வந்தான். திறந்த கதவைப் பார்த்தான், கீழே சிதறிக் கிடந்த தானியத்தைப் பார்த்தான்.

“கிழிச்சிட்டியாக்கா?”

கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவனுக்கே உறைத்தது போலிருக்கிறது. கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு மருமகள் தலையைப் பிடித்துக்கொண்டு விசும்பினான். அவள்தான் அவனைத் தேற்றினாள். “விடுங்க மாமா. சாத்தறதுக்கு முன்னாடி நான் பாத்திருக்கணும். அழுகாதீக, படம் பிடிச்சதை மட்டும் அப்பாவுக்கு அனுப்பிறாதீக.”

அனுப்பவில்லை. என் கை நின்றதை மட்டும் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அவள் பார்த்திருப்பாள். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வேலை நிற்கவில்லை. அடுத்த வாரமே அந்தக் கதவைக் கழற்றிப் புதுச் சட்டம் வளைத்தோம். வெளியில் இருந்தும் திறக்கிற மாதிரி தாழை மாற்றியிருக்கிறாள். உள்ளே ஒரு சுத்தியலும் மாட்டியிருக்கிறாள். என் பயமும் போய்விடவில்லை. இராத்திரி நடுவில் எழுந்துபோய் அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்க்கும் வழக்கம் இந்த வயதில் திரும்பி வந்திருக்கிறது.

ஆகாயத்தில் அவளுக்கு என்ன ஆகுமோ என்றுதான் இரண்டு வருடமாகப் பயந்துகொண்டிருந்தேன். தரையில், என் கண் முன்னால், எனக்கு நிம்மதி தந்த பொருளே அவள் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அன்றில் இருந்து, அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று நான் எதைச் செய்யப் போனாலும், அது அவள் வெளியே வரும் வழியில் நிற்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.